ஊதாப் புள்ளி வைத்த லென்ஸ்

அண்ணன் எதையும் தூக்கிப் போட்டதில்லை. தனக்கு வேண்டாததை யார் தலையிலாவது கட்டிவிடுவார். கட்டும்போது, தன் சொத்தில் பாதியை நமக்கு எழுதிவைப்பதுபோல் ஒரு முகம் வைத்துக்கொள்வார். வாங்கிக்கொள்கிறவருக்குக் கண் கலங்கிவிடும். எனக்கும் ஒருமுறை கலங்கியது. அதை நான் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் தேடிப் பிடித்துப் படித்துவிட்டு, தன்னைப் பற்றி ஒருத்தி எழுதியிருக்கிறாள் என்று நாலு பேரிடம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்வார். அந்தச் சந்தோஷத்தை அவருக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நாங்கள் எட்டுப் பேர். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளுக்கொரு ஃபிலிம் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு தேக்கா சந்தையில் கூடுவோம். காய்கறி இறக்குவது, மாலை கட்டுவது, கோயில் வாசலில் செருப்பைத் தேடுவது என்று கண்ணில் பட்டதை எடுத்துவிட்டு, ஒன்பதரை மணிக்கு உணவங்காடியில் எங்கள் வழக்கமான மேசைக்கு வந்து சேருவோம். எங்களில் பஸ் ஓட்டுகிறவர் ஒருவர் உண்டு, கணக்கு வாத்தியார் ஒருவர் உண்டு. நான் பாலிகிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கிறவள். "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்லியே இருபத்தெட்டு வருடம் ஓடிவிட்டது. அண்ணன் வீடு வாங்கி விற்றுக் கொடுக்கும் ஏஜென்ட். எங்களில் மூத்தவர், அதனால் எல்லோருக்கும் அண்ணன். எங்களில் நன்றாகப் படம் எடுப்பவரும் அவர்தான். இதை ஒப்புக்கொள்ளாமல் மற்றதைச் சொன்னால் யாரும் என்னை நம்ப மாட்டார்கள்.

ஒரு டிசம்பர் மாதம். காலையிலிருந்தே கொட்டிக்கொண்டிருந்தது. நான் எம்ஆர்டி ரயிலுக்கு ஓடத் தயாராக நின்றபோது அண்ணன் எழுந்து வந்து தன் குடையை என் கையில் திணித்தார்.

"நனைஞ்சுட்டுப் போவாதம்மா. பிடி. நான் எப்படியோ பார்த்துக்குறேன்."

செரங்கூன் ரோட்டைக் கடப்பதற்குள் அந்தக் குடையின் இரண்டு கம்பிகள் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தன. தொப்பலாக நனைந்து திரும்பிப் பார்த்தால், அண்ணன் தன் பையிலிருந்து இன்னொரு குடையை எடுத்து விரித்துக்கொண்டிருந்தார். புதுக்குடை. கைப்பிடியில் ஒட்டியிருந்த காகிதத்தைக்கூடப் பிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு, "குடை எப்படி இருந்துச்சு?" என்று விசாரித்தார். "நல்லா இருந்துச்சுண்ணே" என்றேன். அவரிடம் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம்.

அவருடைய பழைய பிரிண்டர் கணக்கு வாத்தியார் வீட்டில் இருக்கிறது. மனிதர்களைப் பச்சையாக அச்சடிக்கும். உடற்பயிற்சிக்கு வாங்கிய அவருடைய ஓடும் இயந்திரம் பஸ் ஓட்டுகிறவர் வீட்டில் துணி காயப்போட உதவுகிறது. மேசையில் இரண்டு தட்டு வடை வாங்குவார். இரண்டிலும் ஒரு விள்ளல் தின்று பார்ப்பார். ஆறிப்போன தட்டை நம் பக்கம் நகர்த்தி, "இது உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு, சாப்பிடு" என்பார். 'உனக்குன்னே செஞ்ச மாதிரி' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தால், அந்தப் பொருளில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். இது எனக்குப் புரியப் பல வருடம் ஆனது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை நான் ஒரு லென்ஸ் வாங்கப் போனேன். கூட வருகிறேன் என்று அண்ணனே சொன்னார்.

நாங்கள் வைத்திருப்பது ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா. அதில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. கேமராவின் மூலையில் ஒரு சின்னச் சன்னல் இருக்கும், அதன் வழியாகத்தான் பார்க்க வேண்டும். நடுவில் எதிரே இருப்பவரின் உருவம் இரண்டாகத் தெரியும். லென்ஸின் வளையத்தைத் திருப்பித் திருப்பி இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். கண்ணின் மேல் ஒன்றாக்கினால் படத்தில் கண் தெளிவாக விழும். அதாவது, சன்னலும் லென்ஸும் ஒரே பேச்சாக இருந்தால். லென்ஸில் கோளாறு இருந்தால் சன்னலில் அது தெரியவே தெரியாது. எல்லாம் சரியாக இருப்பதுபோலவே இருக்கும். ஃபிலிமைக் கழுவிய பிறகுதான் வண்டவாளம் வெளியே வரும்.

ஒரு பழைய கடைத்தொகுதியின் இரண்டாம் மாடியில், கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு லென்ஸ்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டும் பழையவை. ஒன்று எழுபத்தைந்து மில்லிமீட்டர், இன்னொன்று தொண்ணூறு. இரண்டுமே முகம் எடுப்பதற்கானவை. தொண்ணூறு முகத்துக்கு மிக நெருங்கிப் போகும். எழுபத்தைந்து கொஞ்சம் தள்ளி நின்று, முகத்தோடு தோளையும் கையையும் சேர்த்துக்கொள்ளும். நான் எழுபத்தைந்து வாங்கத்தான் போயிருந்தேன். என் அம்மாவுக்குக் கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டுதான் பேச வரும். அந்தக் கை படத்தில் வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

அம்மா படத்துக்கு உட்கார ஆசைப்பட்டதே பெரிய விஷயம். அப்போது அவளுக்கு எழுபத்தொன்பது வயது. கண் புரை ஆபரேஷன் முடிந்து, முப்பது வருடம் போட்டிருந்த சோடாப்புட்டிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டிருந்தாள். "என் கண்ணு எப்படி இருக்கும்னு எல்லாரும் மறந்துட்டாங்கடி. ஒரு படம் எடு" என்று அவளாகவே கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்திருந்தோம்.

"எழுபத்தஞ்சா?" என்று அண்ணன் சிரித்தார். "அது ரெண்டுங்கெட்டான்மா. முகமும் இல்ல, உடம்பும் இல்ல. வயசானவங்களுக்குக் கண்ணுதான் உயிரு. கண்ணு வேணும்னா தொண்ணூறு. நான் சொல்றேன் கேளு."

"கை வராதேண்ணே."

"கையை வச்சு என்ன செய்யப்போற? மோதிரம் விக்கப்போறியா?" தொண்ணூறை எடுத்து என் கேமராவில் அவரே மாட்டினார். "பாரு. உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

பார்த்தேன். சன்னலில் அழகாகத்தான் இருந்தது. கடைக்காரர் வயதான சீனர். அவர் என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், பிறகு ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடிப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தார். அந்த லென்ஸின் அடி வளையத்தில், மாட்டும் இடத்துக்கு நேராக, ஊதா நிறத்தில் ஒரு சின்னப் புள்ளி இருந்தது. நகப்பூச்சு. ஓரத்தில் கொஞ்சம் வழிந்திருந்தது. இது என்னவென்று கேட்டேன்.

"முன்னாடி வச்சிருந்தவன் எவனோ கிறுக்கன். தின்னர் போட்டுத் துடைச்சிடு, போயிடும்" என்றார் அண்ணன்.

நான் துடைக்கவில்லை. இருட்டில் விரலால் தடவிப் பார்த்து லென்ஸை மாட்ட அந்தப் புள்ளி வசதியாக இருந்தது. அப்போது காரணம் அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை குவீன்ஸ்டவுனில் எங்கள் வீட்டு வரவேற்பறையில், சன்னல் ஓரமாக நாற்காலியைப் போட்டு அம்மாவை உட்காரவைத்தேன். தன் ஏழு கல் தோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு முழு ரோல், முப்பத்தாறு படம். ஒவ்வொன்றுக்கும் அவளுடைய இடது கண்ணில் இரண்டு உருவத்தையும் ஒன்றாக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். "கண்ணு தெரியுதா பாரு, கண்ணு தெரியுதா பாரு" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "தெரியுதும்மா" என்றேன். புதன்கிழமை காலையில் குளியலறையில் விழுந்தாள். வெள்ளிக்கிழமை போய்விட்டாள்.

கண்ணாடி இல்லாத அம்மாவுக்கு வேறு படம் கிடையாது. என் தம்பி ஓடிப்போய் அந்த ரோலைக் கழுவிக்கொண்டு வந்தான். முப்பத்தாறு படத்திலும் தோடு பளிச்சென்று இருந்தது. ஏழு கல்லையும் எண்ணலாம், காது மடலில் இருக்கும் பூனைமுடியைக்கூட எண்ணலாம். கண் மட்டும் கரைந்து கிடந்தது. அவள் யாரைப் பார்க்கிறாள் என்றே தெரியவில்லை. வேறு வழியில்லாமல் அதில் ஒன்றைத்தான் பெரிதாக்கி, எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில், கிடத்தியிருந்த அவள் தலைமாட்டில் வைத்தோம்.

துக்கம் நடந்த மூன்று நாளும் அண்ணன் வந்தார். வந்தவர்களுக்குத் தண்ணீர்ப் பாட்டில் எடுத்துக் கொடுத்தார், நாற்காலி அடுக்கினார். ஐயர் கேட்ட சாமானுக்கெல்லாம் அவர்தான் கேம்பல் லேன் கடைகளுக்கு ஓடினார். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். முதல் நாள் மாலை அந்தப் படத்தின் முன்னால் போய் நின்றார். நெடுநேரம் நின்றார். படம் எடுக்கத் தெரிந்தவர், எது தெளிவு எது மங்கல் என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிறகு என்னிடம் வந்து தோளைத் தட்டினார்.

"நல்ல படம்மா. அப்படியே உயிரோட இருக்காங்க."

எனக்குக் கண் கலங்கியது அப்போதுதான். இந்த மனிதர் என் குறையை மறைத்துப் பேசுகிறார், எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டு அழுதேன்.

குறை என்னுடையது என்றுதான் நம்பினேன். கை நடுங்கியிருக்க வேண்டும், அம்மா அசைந்திருக்க வேண்டும், நான் கவனிக்காமல் விட்டிருக்க வேண்டும். நோயாளிகளின் எலும்பை அசையாமல் எடுப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவள், பெற்ற தாயின் கண்ணை எடுக்கத் தெரியாமல் போய்விட்டேன். இரண்டு வருடம் அந்த லென்ஸைத் தொடவில்லை. அந்த இரண்டு வருடத்தில்தான் எழுபத்தைந்து ஒன்றையும் வேறு கடையில் வாங்கினேன். பிறகு ஒரு விடுமுறை நாளில், ஏதோ ஒரு வீம்பில் தொண்ணூறை எடுத்து, சாப்பாட்டு மேசையில் மசாலா டப்பாக்களைச் சாய்வாக வரிசை வைத்துப் படம் எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது டப்பாவில் ஒன்றாக்கினால் அதற்குப் பின்னால் இருக்கும் டப்பா தெளிவாக வந்தது. பத்து ரோல் வீணாக்கிக் கணக்கைக் கண்டுபிடித்தேன். கண்ணில் ஒன்றாக்கிவிட்டு, வளையத்தைத் தொடாமல், உடம்பை நாலு விரல் பின்னால் சாய்க்க வேண்டும். நாலு விரல், அதிகமும் இல்லை குறைவும் இல்லை. அப்படிச் சாய்ந்தால் அது பிரமாதமான லென்ஸ். அம்மா விஷயத்தில் என் கை நடுங்கவில்லை என்று தெரிந்தபோது கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. பழைய லென்ஸ், என் கெட்ட நேரம் என்று விட்டுவிட்டேன்.

விட்டிருப்பேன். ஆனால் அதற்கு அடுத்த வருடம் தீபாவளிக்கு அண்ணன் எங்கள் ஏழு பேரையும் புக்கிட் பாத்தோக்கில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார்.

அவருடைய மனைவியை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். சூதுவாது தெரியாத மனுஷி. கையில் முறுக்குத் தட்டைக் கொடுத்துவிட்டு என்னோடு நின்று பேசிக்கொண்டிருந்தார். சுவரில் அவர்களுடைய ஒரே மகளின் படம், உயர்நிலைப் பள்ளிச் சீருடையில், இரட்டைப் பின்னலோடு. முகம் மங்கலாக இருந்தது. காதில் போட்டிருந்த குட்டிக் கம்மல் பளிச்சென்று இருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு அக்கா சிரித்தார்.

"அது அந்தச் சனியன் பிடிச்ச லென்ஸும்மா. இவரு ஒண்ணு வச்சிருந்தாரு, எல்லார் காதையும்தான் எடுக்கும். கல்யாணம் காச்சின்னு எங்க எடுத்தாலும் காது. இவரும் ரிப்பேருக்கு அலைஞ்சு பார்த்துட்டு, கடைசில ஒரு கடையில விக்கக் குடுத்துட்டாரு. எந்தப் பாவி வாங்குனானோ."

அந்தப் பாவி முறுக்கை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் கண்ணாடி அலமாரி. உள்ளே அண்ணனின் மற்ற லென்ஸ்கள், ஐம்பது ஒன்று, முப்பத்தைந்து ஒன்று. இரண்டின் அடி வளையத்திலும் ஊதாப் புள்ளி. ஓரத்தில் கொஞ்சம் வழிந்திருந்தது.

"அது நான் வச்சது ஆன்ட்டி" என்றாள் மகள். அப்போது பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். "ஸ்மால் கேர்ள் அப்போ. அம்மாவோட நெயில் பாலிஷ் எடுத்து அப்பாவோட எல்லா லென்ஸுக்கும் பொட்டு வச்சுட்டேன். செம அடி."

ஹாலின் அந்தக் கோடியில் அண்ணன், ஆறிப்போன வடை ஒன்றைக் கணக்கு வாத்தியாரின் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார்.

முறுக்கைத் தின்று முடித்து, அக்காவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். கேட்டிருந்தால், தெரியாதும்மா, மறந்துபோச்சும்மா என்று சொல்லி என் தோளைத் தட்டியிருப்பார். பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம், படத்தின் முன்னால் அவர் நின்ற நேரத்தைத்தான் நினைத்துக்கொண்டேன். அவர் என் அம்மாவைப் பார்க்கவில்லை. தன்னுடைய லென்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். பார்த்துவிட்டுத்தான் 'நல்ல படம்' என்றிருக்கிறார். இந்த ஆளை அழவைக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. அதிலும், நான் தள்ளி அவர் விழக்கூடாது, அவராகவே நடந்து வந்து விழ வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும். எனக்கு அது நிறைய உண்டு.

நாலு வருடம் ஞாயிறு தவறாமல் அவரோடு தே தாரிக் குடித்தேன். தொண்ணூறை ஒருநாளும் மேசைக்கு எடுத்துப் போகவில்லை. அண்ணனோ, புதிதாகச் சேருகிறவர்களிடமெல்லாம் "முகம்னா தொண்ணூறுதான், எழுபத்தஞ்சு ரெண்டுங்கெட்டான்" என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்ல எனக்கு இனிப்பாக இருந்தது.

போன வருடம் அவருடைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கோயிலுக்கும் மண்டபத்துக்கும் படக்காரர்களை அமர்த்திவிட்டார்கள். ஆனால் காலையில் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால், சன்னல் வெளிச்சத்தில் மகளின் முகத்தை ஃபிலிமில் தானே ஒரு படம் எடுக்க வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. "இருபத்தெட்டு வருஷமா மனசுல வச்சிருக்கேன் லா" என்றார். முகம் எடுக்கும் லென்ஸ் அவரிடம் இல்லை.

"அதான் தங்கச்சிகிட்ட ரெண்டும் இருக்கே" என்றார் பஸ் ஓட்டுகிறவர்.

அடுத்த ஞாயிறு இரண்டையும் எடுத்துப்போய், எல்லோர் முன்னிலையிலும், கோப்பைகளுக்கு நடுவே பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். தொண்ணூறின் ஊதாப் புள்ளி அவர் பக்கம் பார்க்கும்படி வைத்தேன்.

அண்ணன் கையை நீட்டினார். கை பாதி வழியில் நின்றுவிட்டது. என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் சிரித்தேன்.

"எது வேணும்ணே? நீங்களே சொல்லுங்க."

"ரெண்டையும் குடேன். சூழ்நிலையைப் பார்த்து எடுத்துக்குறேன்."

"ரெண்டும் முடியாதேண்ணே. நானும் கல்யாணத்துக்கு வர்றேன்ல, எனக்கு ஒண்ணு வேணும். நீங்க எதை விடுறீங்களோ அது எனக்கு."

"இதுல என்ன யோசனை?" என்றார் கணக்கு வாத்தியார். "முகம்னா தொண்ணூறுதானே. அண்ணன் சொல்லிச் சொல்லி எங்களுக்கே மனப்பாடம் ஆயிடுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். அந்த நிமிடத்தில் அவர் ஒரே ஒரு வரி சொல்லியிருக்கலாம். 'இது என் பழைய லென்ஸ், காதுல போய் உட்காரும், எனக்கு எழுபத்தஞ்சு குடு' என்று சொல்லியிருந்தால் போதும். சொல்லியிருந்தால் நான் இரண்டையும் கொடுத்திருப்பேன், சாய வேண்டிய நாலு விரலையும் சொல்லிக் கொடுத்திருப்பேன். சத்தியமாகக் கொடுத்திருப்பேன். அவர் கை மெதுவாக நகர்ந்து தொண்ணூறை எடுத்தது.

"உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குண்ணே" என்றேன்.

கல்யாணத்தன்று அதிகாலையில் அவர்கள் வீட்டில் இருந்தேன். என் கேமராவில் எழுபத்தைந்து. மணப்பெண்ணைச் சன்னல் ஓரம் உட்காரவைத்திருந்தார்கள். சேலை மெரூன், கொண்டையைச் சுற்றிக் கட்டுக்கட்டாக மல்லிகை. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தாள். அண்ணன் பட்டு வேட்டியோடு அவள் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார். வியர்த்துக்கொண்டிருந்தார். வளையத்தைத் திருப்பினார், நிறுத்தினார், மறுபடி திருப்பினார். லென்ஸ் காதுக்குப் போகும் என்று அவருக்குத் தெரியும். சரிக்கட்ட எந்தப் பக்கம் சாய வேண்டும், எவ்வளவு சாய வேண்டும் என்று தெரியாது.

அவர் முன்னால் சாய்ந்தார்.

முன்னால் சாய்ந்தால் காதையும் தாண்டிப் போய்விடும். நான் ஒரு கை தூரத்தில் நிற்கிறேன். 'பின்னாலண்ணே' என்று ஒரு வார்த்தை. வாயை மூடிக்கொண்டு நின்றேன். அம்மா என் காதுக்குள் 'கண்ணு தெரியுதா பாரு' என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் சாய்ந்தார். முப்பத்தாறு முறை சாய்ந்தார். அவர் எழுந்து முதுகைப் பிடித்துக்கொண்டபோது, நான் அதே வெளிச்சத்தில் எழுபத்தைந்தில் ஒரே ஒரு படம் எடுத்தேன். அவள் கன்னத்தில் கையை வைத்திருந்தாள். கையும் வந்தது, கண்ணும் வந்தது.

இரண்டு வாரம் கழித்து லென்ஸைப் பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். படங்களில் ஒன்றை மேசையில் காட்டினார். கொண்டையில் இருந்த ஒவ்வொரு மல்லிகை மொட்டும் தனித்தனியாகத் தெரிந்தது. முகம் இருந்த இடத்தில் ஒரு மெரூன் கலந்த மூட்டம். "பூ நல்லா வந்திருக்குண்ணே" என்றார் பஸ் ஓட்டுகிறவர். பாவம், மனதாரத்தான் சொன்னார்.

"நல்ல படம்ணே. அப்படியே உயிரோட இருக்கு" என்றேன் நான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போய் அம்மா படத்துக்குப் பூ வைத்தேன்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பெண் குவீன்ஸ்டவுனுக்கு என் வீட்டுக்கே வந்தாள். கையில் ஒரு பெட்டி கேக். உட்கார்ந்து, தயங்கித் தயங்கிப் பேசினாள்.

"ஆன்ட்டி, அன்னைக்கு மார்னிங் நீங்களும் ஒரு ஷாட் எடுத்தீங்கல்ல. அது கிடைக்குமா? அப்பா எடுத்தது எதுவுமே வரல. ஹி வாஸ் சோ சாட். தப்பா எடுத்துக்காதீங்க, உங்க லென்ஸ் ஸ்பாயில் ஆயிருக்குன்னு சொன்னாரு. நீங்க செக் பண்ணாம குடுத்துட்டீங்களாம்."

என் லென்ஸ். நான் செக் பண்ணவில்லை. கட்டின இடத்திலேயே இன்னொரு முடிச்சும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார் மனிதர். அதுவரை என்னிடம் ஏதாவது இரக்கம் மிச்சம் இருந்திருந்தால் அது அங்கே தீர்ந்தது. எழுந்துபோய் அவளுடைய படத்தைக் கொண்டுவந்து வைத்தேன். அதன் பக்கத்தில் தொண்ணூறையும் வைத்தேன்.

படத்தைப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்தவள், லென்ஸைக் கையில் எடுத்துச் சும்மா திருப்பினாள். திருப்பிய விரல் நின்றது. நகத்தால் அந்தப் புள்ளியைத் தொட்டாள்.

"இது நான் வச்சது."

"ஆமாம்மா."

"இது எப்படி உங்ககிட்ட?"

சொன்னேன். கடை, சனிக்கிழமை, தின்னர் போட்டுத் துடைக்கச் சொன்னது, ஞாயிற்றுக்கிழமை, வெள்ளிக்கிழமை. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. அவள் எழுந்துபோய்ச் சுவரில் இருந்த அம்மாவின் படத்தின் முன்னால் நின்றாள். அவளுடைய அப்பா நின்ற அளவுக்கு நேரம் நின்றாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா ஆன்ட்டி?"

"அன்னைக்கு மேசையில ரெண்டு லென்ஸும் இருந்துச்சு. இதை எடுத்தது அவர்தான். ஏன் எடுத்தாருன்னு அவர்கிட்டயே கேளு."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அழவில்லை. "உங்களுக்கும் தெரியும்ல" என்றாள். "என் கல்யாணம் ஆன்ட்டி. நீங்க சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லியிருக்கலாம்" என்றேன். இன்றைக்கும் அந்த ஒரு கேள்வி மட்டும்தான் என்னைக் குத்துகிறது. அவள் தன் படத்தை உறைக்குள் போட்டாள். பிறகு தொண்ணூறையும் எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இது எங்க வீட்டு லென்ஸ். நான் கொண்டுபோய் அப்பா முன்னாடி வைக்கிறேன்."

நான் தடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அண்ணன் வந்தார். இப்போது அவர் வருவதில்லை, அதுதான் கடைசியாக வந்தது. முகம் சவரம் செய்யாமல் இருந்தது. ஒரே தட்டு வடைதான் வாங்கினார், அதையும் தொடவில்லை. மற்றவர்கள் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். நான் என் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி விசாரித்தேன்.

"லென்ஸ் வந்து சேர்ந்துச்சாண்ணே? எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கும்மா" என்றார். என் கண்ணைப் பார்க்காமல், என் காதைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.